வேலியில் ஒரு பொட்டு



யாழ்ப்பாணத்தாரைப் பற்றிப் பிறர் கூறும் குறைகளுள் வேலியும் ஒன்று. ஆளுயரத்துக்கு மேலே ஓலையால் அடைத்துக்கொண்டு, அயலான் முகம் தெரியாதபடி வாழ்கின்றவர்கள் என்று எங்களைச் சொல்வார்கள். அதனை முற்றாக மறுக்க நான் வரவில்லை. ஆனால், அந்த வேலியிலே ஒரு பொட்டு இருந்தது. அதைப் பற்றியே இன்று உங்களோடு சிறிது நேரம் பேச விரும்புகிறேன். பொட்டு என்றதும் நெற்றித் திலகம் நினைவுக்கு வரலாம். எங்கள் ஊரிலே, ஒரு வளவிலிருந்து மறு வளவுக்குக் குனிந்து நுழைவதற்கென வேலியில் விட்ட சிறு வழிக்கும் பொட்டு என்றுதான் பெயர்.

நான் பிறந்து வளர்ந்தது இணுவிலில், காங்கேசன்துறை வீதியிலிருந்து பிரிந்து செல்லும் ஓர் ஒழுங்கையில். 1970களில் அவ்வொழுங்கையில் நின்று பார்த்தால் வீடுகள் தென்படமாட்டா. இரு மருங்கும் வேலி, இடையிடையே படலை, வேலிக்கு மேலே மாவும் பலாவும் தென்னையும் தலைகாட்டும். கிளுவை, பூவரசு, முள்முருக்கு ஆகியவற்றின் கதியால்களை நெருக்கமாக நட்டு, அவற்றோடு பனையோலையையோ கிடுகையோ வரிந்து கட்டுவதே வேலி அடைப்பு. கழற்றிய பழைய ஓலையும் வீண்போவதில்லை. தோட்டத்துச் செம்மண்ணுக்கு அது பசளையாகும். கதியாலில் தழைத்த குழை ஆட்டுக்கு உணவாகும். வேலி எங்களுக்கு எல்லை மட்டுமன்று. அது ஒரு பயிருமாகும்.

அவ்வேலியை முன்னிட்டு வழக்காடியவர்களும் உண்டு. கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டான் என்று தொடங்கும் பிணக்கு, நீதிமன்றப் படியேறி, ஈற்றில் காணியின் விலையையே விழுங்கிவிடுவதும் உண்டு.

இத்தகைய வேலியில் பொட்டு எப்படி வந்தது? பெண்மக்களுக்குக் காணியைச் சீதனமாகக் கொடுப்பது எங்கள் வழக்கம். ஒல்லாந்தர் ஆட்சியில், 1707ஆம் ஆண்டிலே தொகுக்கப்பெற்ற தேசவழமையிலும் சீதனம் பெரியதோர் இடத்தைப் பெற்றுள்ளது. எங்கள் ஆச்சியும் தமது வளவை இரண்டாக்கி, ஒரு பாதியைப் பெரியம்மாவுக்கும் மறு பாதியை அம்மாவுக்கும் கொடுத்தார். நடுவே வேலி வந்தது. ஆனால் கிணறு ஒன்றே. அது பெரியம்மாவின் பக்கத்தில் இருந்தது. தண்ணீருக்காக விட்ட வழி, நாளடைவில் எல்லாவற்றுக்கும் வழியாயிற்று.

காலையில் அப்பொட்டால் முதலில் வருவது நெருப்பு. யார் அடுப்பு முந்தி எரிகின்றதோ, அங்கிருந்து ஒரு சிரட்டையில் தணல் எடுத்து வருவோம். நண்பகலில் கறி வரும். "தங்கச்சி, முருங்கைக்காய் கொஞ்சம் கூடப் போச்சு, பிள்ளையளுக்குக் குடு" என்று பெரியம்மாவின் குரல் முன்னே வர, சட்டி பின்னே வரும். கூடிப்போனதன்று, கூட்டியே வைத்தது என்பது இரு வீட்டாருக்கும் தெரியும். 1973, 1974ஆம் ஆண்டுகளில் அரிசிக்கும் மாவுக்கும் தட்டுப்பாடு வந்து, பாணுக்கு வரிசையில் நின்ற நாள்களிலே, கிடைத்த ஓர் இறாத்தல் பாண் அந்தப் பொட்டடியில் வைத்தே இரண்டாக வெட்டப்பட்டதாம். அப்போது நான் குழந்தை. அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன்.

மாலையில் போக்குவரத்து எதிர்த்திசையில் நடக்கும். வானொலிப் பெட்டி எங்கள் வீட்டில் இருந்தது. 'தணியாத தாகம்' நாடகம் ஒலிபரப்பான காலத்திலே, அந்நேரத்துக்குப் பெரியம்மா குடும்பத்தோடு எங்கள் திண்ணைக்கு வந்துவிடுவார். நாடகத்தில் ஒரு பெண் அழுதால், எங்கள் திண்ணையில் நான்கு பெண்கள் அழுவார்கள்.

நேயர்களே, இதுவரை சொன்னது இனிய பகுதி. பழைய நாள்களைப் பேசுகின்றவர்கள் பெரும்பாலும் இவ்விடத்தில் நிறுத்திக்கொள்வார்கள். நானும் பலமுறை நிறுத்தியிருக்கிறேன்.

எங்கள் வேலியை ஆண்டுதோறும் அடைத்துத் தந்தவர் ஒரு முதியவர். பொட்டை அளவாக விட்டு, அதன் ஓரங்களை முள் குத்தாதபடி மடித்துக் கட்டியவரும் அவரே. ஆனால், அந்தப் பொட்டால் அவர் ஒருநாளும் நுழைந்ததில்லை. ஒழுங்கைப் படலையடியில் நிற்பார்; சாதி காரணமாக அதற்கப்பால் வருவது அவருக்கு வழக்கமன்று. தேநீரும் அங்கேயே, சிரட்டையிலே கொடுக்கப்படும். சாதியின் பேரால் ஒருவரைப் பொது இடங்களில் தடுப்பது குற்றம் என்று 1957இல் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. எங்கள் ஊருக்குச் சில மைல் வடக்கே, மாவிட்டபுரத்தில், 1968இல் ஆலயப் பிரவேசப் போராட்டமும் நடந்தது. எனினும், எங்கள் கொல்லைப்புறத்துக்கு அந்தச் சட்டமும் வரவில்லை. அந்தப் போராட்டமும் வரவில்லை.

அம்முதியவரின் பேரன் என் வகுப்பில், என் வாங்கிலேயே இருந்தான். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரன். எனக்கு ஒன்பது அல்லது பத்து வயதிருக்கும். ஓர் ஆடிப்பிறப்பு நாளன்று அவனை வீட்டுக்கு அழைத்தேன். பெரியம்மா வளவால் வந்து, பொட்டால் நுழைந்து, அடுக்களை வாயிலுக்கே கூட்டிச் சென்றுவிட்டேன். ஆச்சி எங்களைப் பார்த்தார். ஏசவில்லை. எனக்குக் கிண்ணத்தில் கூழ் வார்த்து, பிலாவிலையும் கோலித் தந்தார். அவனுக்குரிய கூழைச் சிரட்டையில் வார்த்து, முற்றத்து மண்ணில் வைத்தார். அவன் அந்தச் சிரட்டையைப் பார்த்தான். பிறகு என் கிண்ணத்தைப் பார்த்தான். "எனக்கு வயிறு நிறைஞ்சிருக்கு ஆச்சி" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனான். வந்த பொட்டால் போகவில்லை, படலையால் போனான்.

நான் கூழைக் குடித்து முடித்தேன். மறுநாள் வகுப்பில் அவன் எனக்குக் கணக்குச் சொல்லித்தந்தான். ஆனால், எங்கள் வளவுக்கு அவன் பின்னர் வரவேயில்லை. அன்று ஏன் அவனோடு எழுந்து போகவில்லை என்ற கேள்வி மட்டும் என்னிடம் வந்துகொண்டே இருக்கிறது.

ஆண்டுகள் சென்றன. 1990இல் யாழ்தேவி நின்றது, மின்சாரமும் நின்றது. ஜாம் போத்தலில் சிறிது மண்ணெண்ணெய் விட்டு விளக்கேற்றினோம். துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு, வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தது. மழையிலே, நாவற்குழிப் பாலத்தை நோக்கி, இலட்சக்கணக்கானோருள் நாங்களும் நடந்தோம். நான் அப்போது இளம் ஆசிரியன். ஆச்சி என் சைக்கிளின் பின்னே இருந்தார். தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினோம். அங்கே ஒரே கிடாரத்தில் கஞ்சி. கையில் அகப்பட்ட ஏனத்தில் எல்லோரும் குடித்தோம். ஆச்சிக்குக் கிடைத்தது ஒரு சிரட்டை. அதை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு நெடுநேரம் குடியாமல் இருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "அந்தப் பொடியன் அண்டைக்குக் குடியாமல் போனவன், என்ன?" என்றார். அவரும் மறக்கவில்லை என்பதை அன்றுதான் அறிந்தேன். அதன்மேல் அவர் ஒன்றும் பேசவில்லை.

1996இல் திரும்பி வந்தபோது வேலிகள் விழுந்து கிடந்தன. ஒழுங்கையின் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே வெளி. யார் வளவு எது என்று கதியால்களை எண்ணித்தான் கண்டுபிடித்தோம். துயரங்களையும் இழப்புகளையும் கண்ட பிறகு மனத்திலுள்ள வேலிகளும் அவ்வாறே விழுந்திருக்கும் என்று நினைத்தேன். சில விழுந்திருந்தன. சில, ஓலை வேலியை விட விரைவாக மீண்டும் அடைக்கப்பட்டன.

இன்று எங்கள் ஒழுங்கையில் ஓலை வேலி அரிது. அடைப்பதற்கு ஆளில்லை; அடைத்தாலும் செலவு மிகுதி. கடல் கடந்த பிள்ளைகள் அனுப்பும் பணத்தில் மதில்கள் எழுந்துள்ளன. பெரியம்மாவின் பிள்ளைகளும் வெளிநாடு சென்றுவிட, அவ்வீட்டில் வேறோர் ஊரிலிருந்து வந்த குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. சென்ற ஆண்டு எங்கள் வேலியும் மதிலாயிற்று. "ஐயா, சுற்றிவர அடைச்சு விடவோ?" என்று மேசன் கேட்டார். பழைய பொட்டு இருந்த இடத்தில் மூன்றடி விட்டு, ஒரு சிறு கதவு வைக்கச் சொன்னேன். "அதால ஆர் வரப்போகினம்?" என்று வீட்டில் கேட்டார்கள். என்னிடம் விடை இருக்கவில்லை.

இப்போது அக்கதவால் அந்த வாடகை வீட்டுச் சிறுமி வருகிறாள். என் மனைவியிடம் கணக்குக் கேட்கிறாள். "நீ ஆற்றை பிள்ளை? தேப்பன்ர ஊர் எது?" என்று என் முதிய தாயார் ஒருநாள் தொடங்கினார். அக்கேள்வி எவ்விடத்துக்குப் போய்ச் சேரும் என்பதை நான் அறிவேன். "அம்மா, பிள்ளைக்குத் தேத்தண்ணி குடுங்கோ" என்றேன். கொடுத்தார். எங்கள் வீட்டுக் கோப்பையில்தான் கொடுத்தார்.

நேயர்களே, ஓய்வுபெறும் வயதை நெருங்கும் ஓர் அதிபராக நான் சொல்லக்கூடியது சிறிதே. பழைய அயல் நல்லது என்று பிள்ளைகளுக்குச் சொல்வோம்; அது உண்மை. அந்த நன்மை எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வோம், அதுவும் உண்மை. முதலாவதை மட்டும் சொன்னால், வேலியைத் திரும்பவும் நாமே அடைக்கின்றோம்.

என் வாங்கிலிருந்த அந்த நண்பர் எங்கேயாவது இருந்து இதைக் கேட்கக்கூடும். கேட்டால், அன்று நான் எழுந்து வந்திருக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கதவு திறந்திருக்கிறது.

வணக்கம்.