தலை எண்ணினர், வாக்கைப் பறித்தனர்

(பலாபத்வலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சனாதிபதியைத் தெரிவு செய்வோர் யார் என்று கேட்டால், "மக்கள்" என்று விடை கூறிவிடுகிறோம். அந்தச் சொல்லுக்குள் யார் யார் அடங்குவர் என்பதே என் கேள்வி.

1789இல் அமெரிக்காவின் முதலாவது சனாதிபதியாக ஜோர்ஜ் வாஷிங்டன் தெரிவானார். அவருக்கு வாக்களித்தோர் 69 தெரிவாளர்கள் மட்டுமே. அத்தெரிவாளர்களைச் சில மாநிலங்களில் சட்டமன்றமே நியமித்தது. சிலவற்றில் வாக்காளர் தெரிந்தெடுத்தனர். அவ்வாக்காளரும் பெரும்பாலும் சொத்துடைய வெள்ளை ஆடவரே.

மாநிலத்துக்கு எத்தனை தெரிவாளர் என்பது காங்கிரசில் அதற்குரிய ஆசனங்களைப் பொறுத்தது. பிரதிநிதிகள் சபை ஆசனங்களைப் பங்கிடும்போது ஐந்து அடிமைகளை மூவராக எண்ணவேண்டும் என அரசியலமைப்பு விதித்தது. அடிமைக்கு வாக்கில்லை, அவன் தலையோ எசமானனின் மாநிலத்துக்கு வலுச் சேர்த்தது! 1865இல் அடிமைமுறை ஒழிந்த பின்னரே அந்தக் கணக்கும் ஒழிந்தது.

எங்கோ நடந்த அநீதி என்று எண்ணாதீர்கள். தம்புள்ளை வழியே கால்நடையாக மாத்தளை வந்த நம் முன்னோரின் சந்ததிக்கும் இதுவே நேர்ந்தது.

சோல்பரி அரசியலமைப்பின்படி, மாகாணத்தின் 75,000 பேருக்கு ஓர் ஆசனம், 1,000 சதுர மைலுக்கு மேலும் ஓர் ஆசனம். அந்தத் தலைக்கணக்கில் தோட்டத் தொழிலாளரும் சேர்க்கப்பட்டனர். 1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. 1948இல் வந்தது பிரசாவுரிமைச் சட்டம்; 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1952இல் தொகுதிகள் அப்படியே இருந்தன. நம் தலைகளால் கிடைத்த ஆசனங்களும் இருந்தன. இடாப்பில் நம் பெயர்கள் மட்டும் இல்லை! எஞ்சியோரின் வாக்குக்கு நம்மால் எடை கூடியது. இது அயலிலுள்ள சிங்கள உழவனின் குற்றமன்று. சட்டம் இயற்றியோரின் குற்றம்.

1982இல் இந்நாட்டின் முதலாவது சனாதிபதித் தேர்தல் நடந்தபோதும் நம்மவரிற் பலர் நாடற்றவராகவே இருந்தனர். 1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்களே அந்த இழிவைத் துடைத்தன.

2024 தேர்தலில் முதற் கணக்கில் எவரும் பாதிக்கு மேல் பெறவில்லை. வரலாற்றில் முதன்முறையாக விருப்பு வாக்குகள் எண்ணப்பட்டன. நம் கையிலுள்ள சீட்டின் இரண்டாம், மூன்றாம் விருப்புகளுக்கும் மதிப்புண்டு என்பதை அன்று நாடு கண்டது.

ஆகவே தோழர்களே, உங்கள் லயத்தில் பதினெட்டு வயது நிறைந்த ஒவ்வொருவர் பெயரும் இடாப்பில் உள்ளதா என்று பாருங்கள். இல்லையேல் கிராம உத்தியோகத்தரிடம் செல்லுங்கள். எண்ணப்படும் தலைகளாக வாழ்ந்தது போதும். எண்ணப்படும் வாக்குகளாக வாழ்வோம்!