சதுரக் கட்டத்தில் ஒரு டிக்



ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் பக்கம் ஒரு வீட்டுக்குப் போய், என்ன விளைகிறது என்று கேட்டுப் பாருங்கள். சாமை இருக்கும். புளி உலுக்குவார்கள், கடுக்காய் பொறுக்குவார்கள், பருவத்தில் தேனும் எடுப்பார்கள். இதை இணையப் படிவத்தில் பதிய வட்டம் வைப்பதா, சதுரம் வைப்பதா?

வட்டத்துக்குப் பெயர் ரேடியோ பட்டன். நம் வானொலிப் பெட்டியிலிருந்து போன பெயர்தான்! பழைய கார் ரேடியோவில் ஒரு பொத்தானை அழுத்தினால், முன்பு அழுந்தியிருந்தது மேலே எழும்பிவிடும். ஜவ்வாது மலை திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என்று பரந்து கிடந்தாலும், ஒருவருடைய ஊர் ஏதாவது ஒரு மாவட்டத்தில்தான் இருக்கும். அதற்கு வட்டம் சரி. விளைச்சலுக்கும் வட்டம் வைத்தால், சாமையைத் தொட்டதும் தேன் போய்விடும். அங்கே சதுரம்தான் வேண்டும், அதாவது செக்பாக்ஸ்.

செய்வது சுலபம். எச்.டி.எம்.எல். மொழியில் 'இன்புட்' என்று எழுதி, வகை 'செக்பாக்ஸ்' என்று குறித்தால் கட்டம் வந்துவிடும். 1995-ல் வந்த எச்.டி.எம்.எல். 2.0-விலேயே இது உண்டு. ஒவ்வொரு கட்டத்துக்கும் 'வேல்யூ' கொடுக்க மறந்தால், சாமை, புளி என்று போகாமல் 'ஆன்', 'ஆன்' என்று போய்ச் சேரும். எது ஆன்? யாருக்குத் தெரியும்! பக்கத்திலுள்ள சொல்லையும் 'லேபிள்' போட்டுக் கட்டத்தோடு இணைக்க வேண்டும். அப்போதுதான் சொல்லைத் தொட்டாலும் டிக் விழும். காய்ப்பேறிய விரலுக்குச் செல்போன் திரையில் அந்தக் குட்டிக் கட்டம் அகப்படுமா?

டிக் போடாத கட்டம்தான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. அது 'இல்லை' என்று சொல்லி அனுப்புவதில்லை, எதையுமே அனுப்புவதில்லை. தேன் எடுக்காதவரும், அந்த வரியைப் பார்க்காமலே திரையைத் தள்ளிவிட்டவரும் அதற்கு ஒன்றுதான். கட்டாயம் தெரிய வேண்டிய கேள்வி என்றால், 'ஆம்', 'இல்லை' என இரண்டு வட்டம் வைத்துவிடுவது மேல்.

படிவத்தின் அடியில் 'மேற்கண்டவை உண்மை' என்றோ, 'சம்மதிக்கிறேன்' என்றோ ஒரு கட்டம் இருக்கும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் என்பது தெளிவான செயலால் வர வேண்டும் என்கிறது. முன்கூட்டியே டிக் போட்டு வைத்த கட்டம் அந்தக் கணக்கில் சேருமா? இ-சேவை மையத்தில் விண்ணப்பிப்பவர் ஒருவர், மவுஸ் இருப்பது இன்னொருவர் கையில். அந்த வரியை வாய்விட்டுப் படித்துக்காட்டி, "போடட்டுங்களாம்மா?" என்று கேட்க அரை நிமிடம் போதும்.