வைத்தியர் வீட்டு மரச் சாமான்கள்

(ராயப்பன்பட்டியில் அங்கத்தினர் முன்னிலையில் செய்த பிரசங்கம்)

 

முன்னோர் தேடிவைத்த நிலத்தையும் நகையையும் கண்ணுங் கருத்துமாய்க் காக்கும் நாம், அவர்கள் பிணி தீர்க்கக் கையாண்ட மரக் கருவிகளை மாத்திரம் பரணிலும் அடுப்பிலும் எறிந்து விடுகிறோம். மர உரல், உலக்கை, மருந்துப் பெட்டி, சிமிழ், தராசுப் பெட்டி, லேகியந் துழாவுந் துடுப்பு ஆகிய இவற்றைச் சேகரித்து வைப்பது குறித்தே இன்று பேசப் புகுந்தேன்.

மலைச்சாரலை அடுத்த நம் கம்பம் பள்ளத்தாக்கில் மூலிகைக்கும் ஏலம், மிளகுக்கும் குறைவில்லை. அவற்றைப் பக்குவப்படுத்த மரக் கருவி இன்றியமையாததாயிற்று. பற்ப செந்தூரங்களை அரைக்கக் கல்வம் வேண்டும். இலையும் பட்டையும் இடிக்க மர உரலே போதும். கடுக்காயின் துவர்ப்புச் சத்து இரும்பிற் பட்டால் கறுத்துவிடும். மரத்தில் அத்தீங்கு இல்லை. இவ்வாறு ஒவ்வொரு கருவியிலும் ஓர் அனுபவம் அடங்கியிருக்கிறது.

தராசுப் பெட்டியைப் பாருங்கள். குன்றிமணி எடை 130 மில்லிகிராம், பண எடை 488 மில்லிகிராம், வராகன் எடை 4.2 கிராம், பலம் 35 கிராம் என்று சித்த மருத்துவர் இக்காலத்தில் கணக்கிடுகின்றனர். 1956-ஆம் வருஷத்துச் சட்டத்தால் மெட்ரிக் அளவை வந்தபின் பழைய படிக்கற்கள் வழக்கொழிந்தன. ஏட்டில் எழுதியது ஓரளவு, வைத்தியர் நிறுத்த கல் வேறோரளவு என்றால் மருந்தே மாறிவிடுமன்றோ? ஆகவே கற்களோடு கூடிய பெட்டி அக்குடும்பத்து ஏட்டுக்கு ஓர் உரையாகும்.

பிற தேசத்தார் இதன் அருமையை உணர்ந்தனர். ஹென்றி வெல்கம் (1853–1936) என்னும் மருந்து வியாபாரி உலகெங்கும், நம் இந்தியாவிலுங்கூட, ஆளனுப்பி மருத்துவப் பொருள்களைத் திரட்டினார். எட்வர்ட் பிண்டோ என்பவர் சேர்த்த மரச் சாமான்களை 1965-ல் பர்மிங்ஹாம் நகரக் காட்சிசாலை வாங்கிக் கொண்டது. நாமோ, வாசலில் வந்து நிற்கும் பழஞ்சாமான் வியாபாரியிடம் அற்ப விலைக்குக் கொடுத்து விடுகிறோம். பொருள் போவதோடு, அது யாருடையது, எதற்கு உதவியது என்னும் வரலாறும் போய்விடுகிறது. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட தொல்பொருளைத் தனிப்பட்டவர் வெளிநாட்டுக்கு அனுப்பலாகாதென்று 1972-ஆம் வருஷத்துச் சட்டம் தடுக்கிறது. ஆனால் அடுப்பில் எரிவதைத் தடுக்க எந்தச் சட்டத்தாலும் இயலாது.

சேகரிக்க விரும்புவோர்க்குச் சில குறிப்புகள்: கருவியைத் தண்ணீரிலிட்டுக் கழுவாதீர்கள், வார்னிஷ் பூசாதீர்கள். பழைய கறையும் ஒரு சாட்சியம். உலர்ந்த துணியால் தூசி தட்டி, ஈரமும் கரையானும் அணுகாத இடத்தில் வையுங்கள். பெட்டியில் மீந்த பொடியை முகரவும் வேண்டாம், நாவிலிடவும் வேண்டாம்; ரசமோ பாஷாணமோ இருக்கக்கூடும். குழந்தைகள் கைக்கு எட்டலாகாது. முக்கியமாக, வீட்டுப் பெரியோரைக் கேட்டுக் கருவியின் பெயர், மரம், உபயோகம், ஊர் ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதி உடன் வையுங்கள். தாய்மார்களே! அஞ்சறைப் பெட்டியின் கைவைத்தியம் உங்களுக்கே தெரியும். அதை எழுதுவிப்பது உங்கள் கடமை.

பொருளைச் சங்கத்துக்குக் கொடுத்துவிட வேண்டுமென்று நான் கேட்கவில்லை. அவரவர் வீட்டிலேயே இருக்கட்டும். அதன் விவரம் மட்டும் சங்கத்துப் பதிவேட்டில் ஏறட்டும். எண்பது வயதுப் பெரியோர் நம்மிடையே இருக்கும்போதே இக்காரியம் நடக்க வேண்டும். பெட்டி நூறு வருஷம் காத்திருக்கும். அதன் கதையைச் சொல்லும் வாய் காத்திராது.