பக்கத்தில் என்றால் எவ்வளவு பக்கம்?

(ஒலக்கூரில் பட்டதாரி மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் இந்தக் காலனியைச் சேர்ந்த ஒரு தங்கை போன் செய்தார். எம்.ஏ. சமூகவியல் முடித்தவர். "அண்ணா, பிஎச்.டி. பண்றதுக்குப் பக்கத்துலயே நல்ல இடம் எது?" என்று கேட்டார். இரண்டு பெயரைச் சொல்லிவிட்டுப் போனை வைத்திருக்கலாம். "நேரில் வந்து சொல்கிறேன்" என்றேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

மூன்று வருடத்துக்கு முன் இதே கேள்வியை ஒரு தம்பி கேட்டார். ஒரு நொடிகூட யோசிக்காமல் பதில் சொன்னேன். "பக்கத்துல எதுக்குடா? டெல்லிக்குப் போ." இடம் கிடைத்தது, போனார். ஒன்பதே மாதத்தில் திரும்பி வந்தார். படிப்பு வராமல் அல்ல. உதவித்தொகையின் முதல் தவணை வரவில்லை, மெஸ் பாக்கி ஏறிக்கொண்டே போனது. அந்த நேரத்தில் அவர் அப்பா சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்தார். பார்த்துவிட்டு ஒரு வாரத்தில் திரும்பலாம் என்று வந்தவர் போகவே இல்லை. இப்போது திண்டிவனத்தில் ஒரு பைக் ஷோரூமில் கணக்கு எழுதுகிறார். இன்றைக்கு வரச் சொன்னேன். "வேலை இருக்குண்ணா" என்றார். அதனால்தான் இந்த முறை நிதானமாகப் பதில் சொல்ல நினைத்தேன்.

நம்மிடம் "பக்கத்தில் வேண்டாம், பெரிய இடமாகப் பார்" என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள். ஆனால் அவர்கள் வீட்டில் யாரும் மல்லாட்டை பறிக்கும் நாளில் மகளைக் கூப்பிடுவதில்லை. ஆயாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் விமான டிக்கெட் போட்டு வருவார்கள். நமக்குப் பக்கம் என்பது ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுப்பது அல்ல. ஒரு நாள் கூலியை விடாமல் போய் வர முடிகிற தூரம். அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம்.

அந்தக் கணக்கில் ஒலக்கூரிலிருந்து பார்த்தால் மூன்று திசை. வடக்கே ரயில் ஏறினால் சென்னை. 1857-இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம் சேப்பாக்கத்தில் இருக்கிறது, அங்கே சமூகவியல் துறை இருக்கிறது. அடையாறில் 1971-இல் மால்கம் ஆதிசேசையா தொடங்கிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. சிறிய இடம், ஆனால் தமிழ்நாட்டுக் கிராமங்களைப் பற்றி அங்கே நடந்த வேலைக்கு ஈடாக வேறு இடங்கள் அதிகமில்லை. கிழக்கே திண்டிவனத்தில் ஒரு பஸ், புதுச்சேரியில் இன்னொரு பஸ் என்று மாறினால் காலாப்பட்டு, மத்தியப் பல்கலைக்கழகம். தெற்கே சிதம்பரம், அண்ணாமலைப் பல்கலைக்கழகம். நம் மாவட்டத்துக் கல்லூரிகள் முன்பு வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. விழுப்புரத்துக்கென்று ஒரு பல்கலைக்கழகத்தை அறிவித்து, 2021-இலேயே அதை அண்ணாமலையோடு இணைத்துவிட்டார்கள். சொந்த மாவட்டத்தில் ஒரு பல்கலைக்கழகம் பெயர்ப் பலகை அளவில் வந்து போனதை நாம் பார்த்தோம்.

இந்தப் பக்கம் என்பது ஆய்வுக்குச் சின்ன இடமா? இதைக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

1916-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பிக் கணக்கெடுக்கச் சொன்னார். அந்தக் கிராமங்களில் ஒன்று இருவேல்பட்டு. நம் விழுப்புரம் மாவட்டம்தான். 1918-இல் புத்தகம் வந்தது. அதன்பின் அதே ஊருக்கு ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போனார்கள். 1980-களில் எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும் எழுதினார்கள். 2008-இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் போனார்கள். நிலம் யாரிடமிருந்து யாரிடம் போனது, கூலிக்காரர்கள் நிலக்கிழாரின் பிடியிலிருந்து எப்படி நழுவினார்கள் என்று ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் கதை. இந்தியாவில் இவ்வளவு நீண்ட காலம் பார்க்கப்பட்ட கிராமங்களை விரல் விட்டு எண்ணலாம். அதில் ஒன்று இங்கிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் இருக்கிறது. எம்.ஏ. படிக்கும்வரை எனக்கு அது தெரியாது.

இன்னொன்று. ஒலக்கூரைத் தாண்டி வடக்கே போனால் தொழுப்பேடு, செங்கல்பட்டு மாவட்டம். அந்த மாவட்டத்தில் இரண்டு அமெரிக்கர்கள் ஆய்வு செய்தார்கள். மைக்கேல் மொஃபாட் 1979-இல் எழுதிய புத்தகத்தில், சேரி மக்கள் சாதி அமைப்பை மனதார ஏற்றுக்கொண்டு தங்களுக்குள்ளும் அதையே நகலெடுக்கிறார்கள் என்றார். அதற்கு ஐந்து வருடம் முன்பே, 1974-இல், மென்ச்சர் சாதியைக் கீழிருந்து பார்த்தால் அது ஒரு சுரண்டல் ஏற்பாடு என்று எழுதியிருந்தார். ஒரே மாவட்டம், ஏறக்குறைய ஒரே காலம், இரண்டு பதில். என் ஆயாவிடம் மொஃபாட்டின் வாதத்தைத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். "ஏத்துக்காம அன்னைக்கு எங்கடா போயிருப்போம்?" என்றார். பயத்துக்கும் சம்மதத்துக்கும் இடையில் இருப்பதை ஒரே வரியில் சொல்லிவிட்டார். அந்த வரியை ஆய்வாக எழுத ஆள் வேண்டும். இந்திய சமூக அறிவியலில் கோட்பாடு சொல்பவர் ஒரு சாதி, தரவு சேகரிப்பவர் வேறு சாதி என்ற பிரிவினையை கோபால் குரு 2002-இல் எழுதினார். நம் பக்கத்து ஊர்கள் நூறு வருடமாகத் தரவு கொடுத்துக்கொண்டே இருக்கின்றன.

ஆகவே பக்கத்தில் இருந்துவிடு என்று சொல்கிறேனா? இல்லை.

நான் முதலில் ஒரு கல்லூரியின் ஆய்வுத் துறையில் பதிவு செய்தேன். வீட்டுக்குப் பக்கம் என்பது ஒன்றே காரணம். பெயர் வேண்டாம். முதல் நாளே நெறியாளர், கைடுதான், "எந்த ஊர்?" என்றார். சொன்னேன். "ஊரா, காலனியா?" என்றார். பக்கத்தில் இருப்பதன் சங்கடம் இதுதான். தூரத்தில் இருப்பவருக்கு உன் ஊர் வரைபடத்தில் ஒரு புள்ளி. பக்கத்தில் இருப்பவருக்கு எந்தத் தெரு என்பது வரை தெரியும். நான் பஞ்சமி நிலம் பற்றி ஆய்வு செய்ய நினைத்தேன். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமன்ஹீர் எழுதிய அறிக்கை, 1892 அரசாணை, 1994-இல் காரணையில் நிலம் கேட்டுப் போராடியபோது நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்த ஜான் தாமஸ், ஏழுமலை என்று நம் மண்ணில் நடந்த வரலாறு. "இது ஆராய்ச்சி இல்லப்பா, அரசியல்" என்றார் கைடு. ஒன்றரை வருடம் அவருடைய அறிக்கைகளை டைப் அடித்தேன். என் அத்தியாயத்தை அவர் திறந்து பார்க்கவில்லை. விட்டுவிட்டு வந்தேன். இப்போது சென்னையில் அதே தலைப்பில்தான் வேலை செய்கிறேன். எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு நடந்து போகிறேன், சனிக்கிழமை திண்டிவனம் தாலுகா ஆபீசுக்கு வந்துவிடுகிறேன்.

கைடு கிடைக்காதது சின்ன விஷயமல்ல. சேலத்திலிருந்து ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் ஆய்வுக்குப் போன செந்தில்குமாருக்கு வழிகாட்டியே ஒதுக்கப்படவில்லை. 2008-இல் அவரை இழந்தோம். 2016 ஜனவரியில் அதே வளாகத்தில் ரோகித் வெமுலாவை இழந்தபோது, அவருக்கு ஏழு மாத உதவித்தொகை, 1 லட்சத்து 75 ஆயிரம் ரூபாய், பாக்கி இருந்தது. ஒருவருக்கு ஆள் இல்லை, இன்னொருவருக்குப் பணம் வரவில்லை. இடம் தேடும்போது தர வரிசைப் பட்டியலைப் பார்க்கும் முன் இந்த இரண்டையும் விசாரியுங்கள்.

எப்படி விசாரிப்பது? ஷோத்கங்கா தளத்தில் ஆய்வேடுகள் இருக்கின்றன. நீங்கள் நினைக்கும் பேராசிரியரின் பெயரைப் போடுங்கள். யார் யாருக்கு வழிகாட்டினார், என்ன தலைப்புகள், நம் பிள்ளைகள் யாராவது முடித்து வெளியே வந்திருக்கிறார்களா என்று பாருங்கள். முடித்தவர்களிடம் பேசுங்கள். பாதியில் விட்டவர் கிடைத்தால் அவரிடம் இன்னும் அதிக நேரம் பேசுங்கள். அவர்தான் உண்மையைச் சொல்வார். 2022 யு.ஜி.சி. விதிப்படி ஒரு பேராசிரியர் 8 பேர், இணைப் பேராசிரியர் 6 பேர், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கு மேல் ஒரே நேரத்தில் எடுக்க முடியாது. துறை பெரிதாக இருக்கும், உங்களுக்கு வேண்டியவரிடம் காலியிடம் இருக்காது. விண்ணப்பத்துக்கு முன்பே மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். பதில் எழுதுகிற விதத்திலேயே ஆளைக் கொஞ்சம் பிடித்துவிடலாம்.

நெட் பற்றி. 2024 ஜூன் முதல் பிஎச்.டி. சேர்க்கைக்கும் அந்த மதிப்பெண்ணை எடுத்துக்கொள்கிறார்கள். ஜே.ஆர்.எஃப். இல்லாதவர்களுக்கு நெட் 70 சதவீதம், நேர்முகம் 30 சதவீதம். சமூகவியல் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான். தமிழில் சமூகவியல் படித்த பிள்ளை அங்கேயே ஒரு படி கீழே நிறுத்தப்படுகிறார். அந்த ஜூனில் 9 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதிய தேர்வை மறுநாளே ரத்து செய்தார்கள் என்பதையும் மறக்கவில்லை.

பணம். ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் மாதம் 37,000, எங்கே சேர்ந்தாலும் கூடவே வரும், தாமதமாகவாவது வரும். கிடைக்காவிட்டால் மாநில அரசு முழுநேர ஆய்வாளர்களுக்குத் தரும் ஆண்டுக்கு 1 லட்சம் ஊக்கத்தொகை இருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினரோடு கிறித்தவம் தழுவிய ஆதிதிராவிடர்களும் இதற்கு விண்ணப்பிக்கலாம். மத்திய அரசின் எஸ்.சி. உதவித்தொகை அவர்களுக்குக் கிடையாது. நம் பகுதியில் இது பல குடும்பங்களின் பிரச்சினை, அதனால் அழுத்திச் சொல்கிறேன். எதுவாக இருந்தாலும் முதல் ஆறு மாதம் கையில் பணம் வராது என்று வைத்துக்கொண்டு கிளம்புங்கள். அந்தத் தம்பியிடம் நான் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

இனி அந்தத் தங்கையின் கேள்வி. அவர் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். நேற்று சாயந்திரம் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசினோம். அவருக்கு ஹைதராபாத்தில் ஒரு இடமும் பக்கத்தில் ஒரு இடமும் கிடைக்கும் போலிருக்கிறது. பேச்சுவாக்கில், "பக்கத்துலயே வேணும்னு உனக்குத் தோணுதா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பா கேக்கச் சொன்னாருண்ணா" என்றார்.

எனக்குப் பக்கம் என்பது ஆயாவும் தாலுகா ஆபீசும். அவருக்குப் பக்கம் என்பது சாயந்திரம் ஆறு மணிக்குள் வீடு, அடுத்த தை மாதம் மாப்பிள்ளை. ஒரே சொல்லை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சுமக்கிறோம். நம் இயக்கத்து ஆண்கள் இதைக் கவனிப்பதில்லை, என்னையும் சேர்த்துத்தான். யு.ஜி.சி. விதியில் பெண்களுக்குக் கூடுதலாக 2 ஆண்டும், மகப்பேறுக்கும் குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்கும் 240 நாள் விடுப்பும் உண்டு. ஆனால் வீட்டு வாசலைத் தாண்டும் அனுமதி எந்த விதியிலும் எழுதியில்லை.

அவரிடம் நான் சொன்னது இவ்வளவுதான். எதைப் பற்றி ஆய்வு செய்கிறோம் என்பது வேறு, எங்கே உட்கார்ந்து செய்கிறோம் என்பது வேறு. ஸ்லேட்டர் இருவேல்பட்டில் கணக்கெடுக்க ஆள் அனுப்பிய அதே 1916-இல், மே மாதம் 9-ஆம் தேதி, அண்ணல் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் இந்தியச் சாதிகளைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். அவ்வளவு தூரத்தில் உட்கார்ந்துதான் நம் தெருவைப் பற்றிப் பேசினார். தங்கை மரக்காணம் உப்பளத்துப் பெண்களைப் பற்றி எழுத விரும்புகிறார். ஹைதராபாத்தில் கைடு சரியானவராக இருந்தால் அங்கே சேரட்டும், களப்பணிக்கு வந்து ஒரு வருடம் அம்மா வீட்டிலேயே இருக்கட்டும். பக்கத்து இடத்தில் இருப்பவர் நல்லவராக இருந்தால் இங்கேயே சேரட்டும். அவருடைய அப்பாவிடமும் பேசினேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. "ரயிலு எத்தனை மணி நேரம்?" என்று மட்டும் கேட்டார். ராத்திரி ஏறினால் காலையில் இறங்கிவிடலாம் என்றேன். "நீ ஒருதரம் கூடப் போயி விட்டுட்டு வருவியா?" என்றார். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

உங்களில் யாருக்காவது விண்ணப்பம் இருந்தால் எடுத்து வாருங்கள். டீ வந்துவிட்டது, குடித்துவிட்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஏழரை மணி பாசஞ்சரை நான் பிடிக்க வேண்டும்.