கோலாலம்பூரைப் பார்த்திருக்கிறோமா?

நம் நாட்டின் தலைநகரைச் சுற்றிப் பார்ப்பது பற்றி இன்று பேச விரும்புகிறோம். "இதில் பேச என்ன இருக்கிறது? கோலாலம்பூருக்குத்தான் அடிக்கடி போய் வருகிறோமே!" என்று உங்களில் பலர் எண்ணக்கூடும். போய் வருகிறோம் என்பது உண்மைதான். பார்த்திருக்கிறோமா என்பதே கேள்வி.

நாம் எதற்காகக் கோலாலம்பூருக்குப் போகிறோம் என்று சற்று எண்ணிப் பார்ப்போம். தீபாவளி நெருங்கினால் துணிமணி எடுக்கப் போகிறோம். கல்யாணம் நிச்சயமானால் தாலிக்கும் நகைக்கும் போகிறோம். பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் உறவினரைக் காணப் போகிறோம். தைப்பூசம் வந்தால் நகரைக் கடந்து பத்துமலைக்குப் போகிறோம். வேலை முடிந்தவுடன் பொழுது சாயுமுன் வீடு திரும்பிவிடுகிறோம். நகரிலேயே முப்பது ஆண்டுகளாகக் குடியிருப்போரின் நிலையும் இதுதான். வீடு, வேலையிடம், சந்தை, கோயில் ஆகிய நான்குக்குமிடையே அவர்களுடைய நாட்கள் கழிந்துவிடுகின்றன.

ஊரிலிருந்து விருந்தினர் ஒருவர் வந்து, "அந்தச் சிவப்புக் கட்டடம் எது? எப்போது கட்டியது?" என்று கேட்கும்போதுதான் நாம் விழிக்கிறோம். "அது வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம்" என்பதற்கு மேல் நமக்குச் சொல்லத் தெரிவதில்லை. தமிழ்நாட்டுக்கு யாத்திரை போய் வந்த நம்மவர் தஞ்சைப் பெரிய கோயிலின் பெருமையை மணிக்கணக்காகச் சொல்வார். தாம் அன்றாடம் கடந்து செல்லும் தெருவின் பெயர்க்காரணத்தைக் கேட்டால் அவருக்குத் தெரியாது. இக்கரைக்கு அக்கரை பச்சை என்பது சும்மா வந்த பழமொழி அல்லவே!

இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்துவிட்டது. 2001ஆம் ஆண்டு வரை வெளியூர் ரயிலில் வந்தவர்கள் பழைய ரயில் நிலையத்தில் இறங்கி, நகரை நேருக்கு நேர் பார்த்தபடி வெளியே நடந்தார்கள். அவ்வாண்டு தொடங்கிய சென்ட்ரல் நிலையத்தில் இறங்குவோர், ஒரு ரயிலிலிருந்து மற்றொரு ரயிலுக்கு மாறி, மேம்பாலத்தின் மேலேயோ பூமிக்கு அடியிலேயோ சென்றுவிடுகிறார்கள். வசதி பெருகியிருக்கிறது, அதற்கேற்ப நகரைக் கண்ணால் காணும் வாய்ப்பு குறைந்திருக்கிறது. ஆகவே, வேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல், பார்ப்பதற்கென்றே ஒரு நாளை ஒதுக்க வேண்டும் என்கிறோம்.

எங்கிருந்து தொடங்குவது? நகரம் தொடங்கிய இடத்திலிருந்தே தொடங்கலாம். மஸ்ஜிட் ஜாமெக் ரயில் நிலையத்தில் இறங்கிச் சில அடிகள் நடந்தால், கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடுமிடத்தைக் காணலாம். மலாய்மொழியில் 'குவாலா' என்பது ஆறு வந்து சேருமிடம். 'லும்பூர்' என்பது சேறு. நகரின் பெயரே அதன் பிறப்பைச் சொல்லிவிடுகிறது. 1857ஆம் ஆண்டில் ராஜா அப்துல்லாவின் ஆதரவில் 87 சீனத் தொழிலாளர்கள் ஈயம் தேடிக் கிள்ளான் ஆற்றின் வழியே படகில் வந்தார்கள். இந்த முனையில் கரையேறி, அம்பாங் பகுதிக்குக் காட்டுவழியே நடந்து சென்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் மலேரியாவுக்கு இரையானார்கள். எனினும் ஈயம் கிடைத்தது. சரக்கு ஏற்றவும் இறக்கவும் இந்த ஆற்றங்கரையில் கடைகள் முளைத்தன. அந்தக் கடைகள்தாம் கோலாலம்பூர்.

1880இல் சிலாங்கூரின் தலைநகர் கிள்ளானிலிருந்து இங்கு மாற்றப்பட்டது. மறு ஆண்டே நெருப்பும் வெள்ளமும் அடுத்தடுத்து வந்து, அத்தாப்பும் பலகையும் கொண்ட வீடுகளை அழித்தன. அதன்பின் செங்கல்லும் ஓடும் கொண்டே கட்ட வேண்டும் என்று அரசாங்கம் வற்புறுத்தியது. செங்கற்சூளைகள் இருந்த இடம் பிரிக்பீல்ட்ஸ் என்று பெயர் பெற்றது. தீயின் நினைவு இன்றும் ஓர் ஊர்ப்பெயராக நின்றுகொண்டிருக்கிறது என்பதை அங்கே தோசை சாப்பிடப் போகிறவர்களில் எத்தனை பேர் அறிவோம்?

நெருப்பின் பயம் நீங்கினாலும் வெள்ளத்தின் பயம் நீங்கவில்லை. 1926இலும் 1971இலும் நகரம் பெருவெள்ளத்தில் மூழ்கியது. 2007இல் திறக்கப்பட்ட 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள ஸ்மார்ட் சுரங்கம் இதற்கென்றே தோண்டப்பட்டது. மற்ற நாட்களில் அதன் ஒரு பகுதியில் வாகனங்கள் ஓடுகின்றன. கடும் மழை பெய்யும்போது பாதையை மூடிவிட்டு வெள்ளநீரை அதன்வழியே திருப்பிவிடுகிறார்கள். இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில் நின்று இதைச் சொன்னால், பூகோளப் பாடம் பிள்ளைகளுக்குத் தானாகவே விளங்கும்.

அந்த முனையில்தான் 1909இல் கட்டி முடிக்கப்பட்ட ஜாமெக் பள்ளிவாசல் இருக்கிறது. அங்கிருந்து பாலத்தைக் கடந்தால் சுல்தான் அப்துல் சமாட் கட்டடம். 1897இல் கட்டி முடிக்கப்பட்ட இது அந்நாளில் அரசாங்க அலுவலகமாக விளங்கியது. இதன் எதிரிலுள்ள திடலில்தான் 1957 ஆகஸ்டு 30ஆம் நாள் நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடி இறக்கப்பட்டு, நம் கொடி ஏற்றப்பட்டது.

ஒருமுறை நம் பள்ளியின் ஐந்தாம் ஆண்டு மாணவர்களைக் கல்விச் சுற்றுலாவாக அங்கு அழைத்துச் சென்றிருந்தோம். கட்டடத்தின் வரலாற்றை விளக்கி, அதை வரைந்த நிபுணர்களின் பெயர்களையும் சொன்னோம். நார்மன், பிட்வெல் என்னும் இரு பெயர்களையும் பிள்ளைகள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். ஒரு பையன் மட்டும் எழுதாமல் நின்றான். "படம் வரைஞ்சது அவங்க, சரிங்க ஐயா. செங்கல்லைத் தூக்கினது யாரு?" என்று கேட்டான்.

நேயர்களே, தலைநகரைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று நாம் சொல்வதன் சாரம் அந்தப் பையனின் கேள்வியில் இருக்கிறது. கல்வெட்டில் திறந்து வைத்தவர் பெயர் இருக்கும். புத்தகத்தில் வரைந்தவர் பெயர் இருக்கும். சுமந்தவர் பெயர் இரண்டிலும் இருப்பதில்லை. ஆனால் அவர்களுடைய சுவடு நகரெங்கும் இருக்கிறது. அதைத் தேடிப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தச் சுவட்டைக் காணப் பழைய ரயில் நிலையத்துக்குப் போவோம். 1886இல் கோலாலம்பூருக்கும் கிள்ளான் பக்கத்திலுள்ள புக்கிட் கூடாவுக்குமிடையே ரயில் ஓடத் தொடங்கியது. ஆற்றில் படகு சுமந்த ஈயத்தை ரயில் சுமக்கலாயிற்று. ஜாமெக் பள்ளிவாசலை வரைந்த ஹப்பக் என்பவரே 1910இல் முடிவுற்ற இந்த நிலையத்தையும் வரைந்தார். இந்த நாட்டில் தண்டவாளம் போட்டவர்களிலும், பாதையைப் பழுது பார்த்தவர்களிலும் பெருந்தொகையினர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்கள். அலுவலகங்களிலும் நிலையங்களிலும் குமாஸ்தாக்களாகவும் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் பலர் பணியாற்றினார்கள். பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் ஆகிய இடங்களில் தமிழர்கள் மிகுந்து வாழ்வதற்கு ரயில்வேயே முதற்காரணம். பிரிக்பீல்ட்ஸில் 1904இல் எழுந்த விவேகானந்தா ஆசிரமம் இன்றும் அந்தக் காலத்துக்குச் சாட்சியாக இருக்கிறது. ரயில்வே ஊழியர்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸ் வீடுகளில் பலவும் இடிக்கப்பட்டுவிட்டன. ஆகவே எஞ்சியவற்றைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதைத் தள்ளிப் போடலாகாது.

அங்கிருந்து ஜாலான் துன் எச். எஸ். லீக்கு நடந்து செல்லலாம். 1873இல் தம்புசாமிப் பிள்ளை நிறுவிய மகா மாரியம்மன் கோயில் அங்கே இருக்கிறது. தைப்பூசத்துக்காக வெள்ளிரதம் பத்துமலைக்குப் புறப்படுவது இங்கிருந்துதான். நாம் அர்ச்சனை செய்துவிட்டு அவசரமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுகிறோம். எதிரே பாருங்கள்: குவான் டி சீனக்கோயில் இருக்கிறது. சற்றுத் தொலைவில் யாப் ஆ லோய் நிறுவிய மற்றொரு சீனக்கோயிலும் உண்டு. வடக்கே நடந்தால் செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய லெபோ அம்பாங். அதற்கும் அப்பால் மஸ்ஜிட் இந்தியா. பல இனத்தார் வாழும் நாடு என்று பாடநூலில் படிக்கும் பிள்ளை, அதை ஒரு மணி நேரத்தில் காலால் நடந்தே அறிந்துகொள்ளலாம்.

தெருப் பெயர்களையும் படிக்கச் சொல்லுங்கள். பிரிக்பீல்ட்ஸில் ஜாலான் துன் சம்பந்தன் என்று ஒரு சாலை இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லும்போதே தோட்டத்துப் பெரியவர்களின் முகம் மலர்வதைக் காணலாம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் பிற்பகுதியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கினார்கள். தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் இழந்தார்கள். அப்போது துன் சம்பந்தன், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டியவர்கள் சம்பளத்திலிருந்து சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தில் சங்கம் தோட்டங்களை வாங்கியது. அதன் தலைமையகமான விஸ்மா துன் சம்பந்தன் இதே கோலாலம்பூரில் நிற்கிறது. நகரின் உயரமான கட்டடங்களை எண்ணுகிறவர்கள் அதைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். நம் பிள்ளைகளுக்கு முதலில் காட்ட வேண்டிய கட்டடங்களில் அதுவும் ஒன்று என்போம்.

உயரமான கட்டடங்களையும் பார்க்கத்தான் வேண்டும். 1999இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம் 452 மீட்டர் உயரம். மெர்டேக்கா 118 கோபுரம் 678.9 மீட்டர். இந்த இரண்டாவது கோபுரத்தின் அடியில் நிற்கும்போது பக்கத்திலேயே மெர்டேக்கா ஸ்டேடியத்தைக் காணலாம். 1957 ஆகஸ்டு 31ஆம் நாள் காலையில் துங்கு அப்துல் ரகுமான் 'மெர்டேக்கா' என்று ஏழு முறை முழங்கியது அங்குதான். அண்ணாந்து பார்த்த கண்ணைச் சற்றே தாழ்த்தினால்தான் கோபுரத்தின் பெயர் எங்கிருந்து வந்தது என்பது தெரியும்.

இதையெல்லாம் இவ்வளவு வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கடந்த சில பத்தாண்டுகளில் கோலாலம்பூரைச் சுற்றியிருந்த தோட்டங்கள் ஒவ்வொன்றாக வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. புக்கிட் ஜாலில் தோட்டம் இருந்த இடத்தில் 1998ஆம் ஆண்டுக் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிக்கான அரங்கம் எழுந்தது. 1999இலிருந்து அரசாங்க அலுவலகங்கள் குடியேறிய புத்ராஜெயா, முன்னர் பிராங் புசார் ரப்பர்த் தோட்டமாக இருந்தது. 'பி.பி. 86' என்னும் பால்மர ரகத்தை நம் பெரியவர்கள் அறிவார்கள். அந்த 'பி.பி.' என்பது பிராங் புசாரின் சுருக்கமே. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் இன்று நகரத்து அடுக்குமாடிகளில் வளர்கிறார்கள். லயத்து வீடும் கோயில் திடலும் அவர்களுக்குத் தெரியாது. நகரமும் தங்களுடையதாகத் தோன்றவில்லை. யாரோ கட்டிய ஊரில் ஒண்டியிருக்கிறோம் என்னும் எண்ணம் ஒரு பிள்ளையின் மனத்தில் படிந்துவிட்டால், படிப்பிலும் உழைப்பிலும் ஊக்கம் எங்கிருந்து வரும்? "உன் பாட்டன் போட்ட தண்டவாளம் இது, உன் பாட்டி வெட்டிய மரத்தின் நிலம் அது" என்று சொல்லக் கேட்ட பிள்ளை தலைநிமிர்ந்து நடக்கும்.

ஆகவே பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பள்ளி விடுமுறையில் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். வெயில் ஏறுமுன் புறப்படுங்கள். ஆற்று முனை, திடல், ரயில் நிலையம், மாரியம்மன் கோயில் ஆகியவற்றை ஒரே நாளில் நடந்தே பார்த்துவிடலாம். பொழுதிருந்தால் 1963இல் திறக்கப்பட்ட தேசிய அரும்பொருளகத்துக்கும் போகலாம். தண்ணீரும் கட்டுச்சோறும் எடுத்துக்கொண்டால் செலவும் அதிகமாகாது. பிள்ளையிடம் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து, ஒவ்வோர் இடத்திலும் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதச் சொல்லுங்கள்: இது எப்போது கட்டப்பட்டது? இதற்கு முன் இங்கே என்ன இருந்தது? இதில் உழைத்தவர்கள் யார்?

மூன்றாவது கேள்விக்கு விடை எளிதில் கிடைக்காது. அதற்காகவே வீட்டிலுள்ள தாத்தாவையும் பாட்டியையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். கால் வலிக்கும் என்று அவர்கள் மறுத்தால், ரயில் நிலையத்து நாற்காலியிலாவது உட்கார வைத்து, அவர்கள் முதன்முதலில் கோலாலம்பூருக்கு வந்த நாளைப் பற்றிக் கேளுங்கள். அவர்கள் சொல்வதைப் பிள்ளைகள் எழுதிக்கொள்ளட்டும். பள்ளி திறந்ததும் அந்தக் குறிப்பேட்டை ஆசிரியரிடம் காட்டட்டும். வகுப்பில் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்க எங்களைப் போன்ற ஆசிரியர்கள் காத்திருக்கிறோம்.