சமூகவியல் ஆய்வும் நூலகச் சான்றுகளும்

கல்லூரி மாணவர் ஒருவர் சமூகவியல் ஆய்வுக் கட்டுரைக்கு ஒரு பொருளைத் தேர்ந்துகொண்டு நூலகத்திற்குச் செல்கிறார். பொருளின் பெயரை அப்படியே நூற்பட்டியலில் தேடுகிறார். இரண்டு பாடநூல்கள் கிடைக்கின்றன. அவற்றின் பத்திகளை எடுத்தெழுதிக் கட்டுரையை முடித்துவிடுகிறார். இத்தலைப்பில் வேறு நூல்கள் இல்லை என்றொரு வரியும் முன்னுரையில் இடம்பெறுகிறது.

இதனால் இரு இழப்புகள் நேர்கின்றன. ஆய்வு செய்யக் கற்க வேண்டிய மாணவர் அதனைக் கற்காமலே பட்டம் பெறுகிறார். அவரது மாவட்டத்தைப் பற்றி நூறாண்டுகளுக்கு மேலாக எழுதிச் சேர்க்கப்பட்ட சான்றுகளோ படிப்பாரற்றுக் கிடக்கின்றன. குறை பெரும்பாலும் நூலகத்தில் இல்லை. தேடும் முறையில் உள்ளது. அம்முறையை ஓர் எடுத்துக்காட்டின் வாயிலாக விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

பொருளும் வினாவும்

பீகார் மாநிலத்தின் சாரண் மாவட்டத்தில், சாப்ரா நகரக் கல்லூரி ஒன்றில் பயிலும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்ளலாம். அவரது ஊரில் ஆடவர் பலர் வேலை தேடி வெளியூர் சென்றுள்ளனர். 'குடிபெயர்வு' என்பது அவர் தேர்ந்த தலைப்பு. இது பொருளே தவிர வினா அன்று. சென்றவர் யார், எப்போது சென்றனர், அவர்கள் அனுப்பும் பணம் எதற்குச் செலவாகிறது எனப் பல வினாக்கள் இதனுள் அடங்கியுள்ளன. ஆடவர் வெளியூர் சென்ற வீடுகளில் நிலத்தைப் பற்றிய முடிவுகளை எடுப்பவர் யார் என்று வினா குறுகியவுடன், தேட வேண்டிய இடங்களும் தெளிவாகின்றன.

அடுத்து, சொற்களைத் தொகுக்க வேண்டும். நூற்பட்டியலைத் தயாரித்தவர் மாணவியின் சொல்லையே பயன்படுத்தியிருப்பார் என்பதற்கு உறுதியில்லை. குடிபெயர்வு, குடியேற்றம், தோட்டத் தொழிலாளர், ஒப்பந்தக் கூலி, பணவிடை, குடும்பம், மகளிர் உழைப்பு ஆகிய ஒவ்வொரு தலைப்பின் கீழும், ஆங்கிலத்திலும் இந்தியிலும், தேடிப் பார்த்த பின்னரே நூல் இல்லை என்ற முடிவுக்கு வரலாம்.

அடுக்குகளில் சிதறிய ஒரே பொருள்

டூயி தசமப் பகுப்பு முறையில் 301 முதல் 307 வரையிலான எண்கள் சமூகவியலுக்கு உரியவை. மக்கள் இடம்பெயர்தல் பற்றிய நூல்கள் 304.8 என்ற எண்ணில் அமையும். ஆனால் தொழிலாளர் பற்றியவை 331இல் இருக்கும். இந்திய வரலாறு 954இல் இருக்கும். நாட்டார் வழக்காறுகள் 398இல் இருக்கும். சமூகவியல் அடுக்கோடு நின்றுவிடும் மாணவர் தமக்குரிய சான்றுகளுள் பெரும்பகுதியைக் காணாமலே திரும்புகிறார்.

இதற்கு நல்ல சான்று போஜ்புரி நாடகாசிரியர் பிகாரி டாக்கூர். 1887இல் பழைய சாரண் மாவட்டத்தில் பிறந்து 1971இல் மறைந்த இவர், பிழைப்புத் தேடிக் கல்கத்தா சென்ற கணவனையும் ஊரில் காத்திருக்கும் மனைவியையும் 'பிதேசியா' நாடகத்தில் படைத்தார். இந்நூல் இலக்கிய அடுக்கில்தான் கிடைக்கும். எனினும் மாணவியின் வினாவிற்கு அதில் உள்ள செய்தி பல புள்ளிவிவர அட்டவணைகளில் இல்லை.

முன்னோர் ஆய்வுகள்

இவ்வாறு தேடிய பின், இப்பொருளில் ஏற்கெனவே ஆராய்ந்தவர் யாவர் என்பதை அறிய வேண்டும். 1969இல் நிறுவப்பட்ட இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சி மன்றம், சமூகவியல், சமூக மானிடவியல் துறைகளின் ஆய்வுகளை மதிப்பிட்டுத் தொகுதிகளை வெளியிட்டுள்ளது. அத்தகைய தொகுதியில் ஓர் அத்தியாயத்தைப் படிப்பது, எங்கிருந்து தொடங்குவதென்ற திகைப்பைப் போக்கும். 1952 முதல் வெளிவரும் இந்தியச் சமூகவியல் கழகத்தின் 'சோஷியலாஜிகல் புல்லட்டின்', 1957இல் தொடங்கிய 'கான்ட்ரிப்யூஷன்ஸ் டு இந்தியன் சோஷியாலஜி', 1966 முதல் இப்பெயரில் வரும் 'எகனாமிக் அண்டு பொலிடிகல் வீக்லி' ஆகியவற்றின் பொருளடைவுகளை அதன்பின் காணலாம். பொருத்தமான ஒரு கட்டுரை கிடைத்தால், அதன் அடிக்குறிப்புகளே அடுத்த பத்து நூல்களைக் காட்டிவிடும்.

முனைவர் பட்ட ஆய்வேடுகள் முன்னர் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் அலமாரிகளில் அடைபட்டிருந்தன. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறைகளைத் தொடர்ந்து, ஷோத்கங்கா என்னும் மின் களஞ்சியத்தில் அவை சேர்க்கப்பட்டு வருகின்றன. கணிப்பொறி வசதியுள்ள எந்தச் சிற்றூர்க் கல்லூரி மாணவரும் அவற்றுள் பெரும்பாலானவற்றைக் கட்டணமின்றிப் படிக்கலாம். ஆய்வேட்டின் முடிவுகளைவிட, அதன் நூற்பட்டியலும் வினாநிரலும் தொடக்கநிலை மாணவர்க்கு மிகுதியும் பயன்படும். அவற்றை எடுத்தாள்வோர் மூலத்தைக் குறிப்பிடுதல் கடமையாகும்.

அரசு ஆவணங்கள்

சமூகவியல் மாணவர்கள் மிகக் குறைவாகப் பயன்படுத்தும் செல்வம் அரசு ஆவணங்களே. மக்கள் தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடுகள் 1951 முதல் வெளிவருகின்றன. ஊர்வாரியான அடிப்படை விவரங்கள் அவற்றில் உள்ளன. 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது, அசோக் மித்ரா தலைமைப் பதிவாளராக இருந்த காலத்தில், பல நூறு சிற்றூர்கள் தனித்தனியே ஆராயப்பட்டு அறிக்கைகள் வெளியிடப்பட்டன. மாணவர் தம் மாவட்டத்துச் சிற்றூர் எதுவும் அவற்றுள் இடம்பெற்றுள்ளதா எனப் பார்த்தல் நன்று. இடம்பெற்றிருந்தால், அறுபது ஆண்டு மாற்றத்தை அளக்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டுகிறது.

ஆனால் இவ்வாவணங்களைக் கையாள எச்சரிக்கை வேண்டும். முதலாவது, பெயர் மாற்றம். 1912 வரை பீகார் வங்க மாகாணத்தில் அடங்கியிருந்தது. ஆகவே 1908இல் வெளியான சாரண் மாவட்ட விவரச்சுவடி வங்காள மாவட்டச் சுவடிகளின் வரிசையில் உள்ளது. வங்க மாகாணத்திலிருந்து கடல்கடந்து சென்ற கூலிகளைப் பற்றி 1883இல் கிரியர்சன் அளித்த அறிக்கையும் அவ்வாறே. பீகார் என்று மட்டும் தேடுவோர்க்கு இவை அகப்படாமல் போகலாம்.

இரண்டாவது, எல்லை மாற்றம். பழைய சாரண் மாவட்டத்திலிருந்து 1970களின் தொடக்கத்தில் சிவான், கோபால்கஞ்ச் மாவட்டங்கள் பிரிக்கப்பட்டன. இதனை அறியாமல் 1971, 1981 ஆண்டுகளின் எண்களை ஒப்பிட்டால், மாவட்ட மக்கள் தொகை திடீரெனக் குறைந்துவிட்டதாகத் தோன்றும். அக்குறைவுக்குக் குடிபெயர்வைக் காரணமாகக் காட்டும் கட்டுரை, எண்கள் சரியாக இருந்தும் முழுவதும் தவறாகிவிடும்.

மூன்றாவது, வினா மாற்றம். கணக்கெடுப்பில் முன்பு பிறந்த இடம் கேட்கப்பட்டது. 1971 முதல் இதற்கு முன் வசித்த இடமும், 1981 முதல் குடிபெயர்ந்ததன் காரணமும் கேட்கப்படுகின்றன. குடிபெயர்வு பற்றிய 'டி' வரிசை அட்டவணைகளை வெவ்வேறு ஆண்டுகளுக்கு ஒப்பிடுமுன் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். சில மாதங்கள் மட்டும் வெளியூரில் உழைத்துத் திரும்புவோரைப் பற்றி அறிய, 2007-08இல் நடந்த தேசிய மாதிரிக் கூறெடுப்பின் 64ஆம் சுற்று அறிக்கை போன்றவற்றை நாடுதல் வேண்டும்.

நூலகங்களும் நூலகரும்

தம் கல்லூரியில் இல்லாத நூல் எங்கு உள்ளது என்பதை அறிவதும் ஆய்வின் ஒரு பகுதியே. 1954ஆம் ஆண்டு நூல் அளிப்புச் சட்டத்தின்படி, இந்நாட்டில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் ஒரு படி கொல்கத்தாவிலுள்ள தேசிய நூலகத்திற்கும், சென்னை, மும்பை, தில்லி ஆகிய நகரங்களில் உள்ள மூன்று பொது நூலகங்களுக்கும் அனுப்பப்பட வேண்டும். சாரண் மாணவிக்கு அண்மையில் உள்ளது பாட்னாவின் அனுக்ரஹ நாராயண் சின்ஹா சமூக ஆய்வு நிறுவனம். இத்தகைய நிறுவனங்களுக்குச் செல்லுமுன் கல்லூரி முதல்வரின் அறிமுகக் கடிதம் பெறுதலும், தேவைப்படும் நூல்களின் பட்டியலை முன்கூட்டியே எழுதி அனுப்புதலும் வீண் பயணத்தைத் தவிர்க்கும்.

நூலகரிடம் கேட்கும் முறையும் முக்கியமானது. குடிபெயர்வு பற்றி ஏதேனும் உள்ளதா என்ற வினாவிற்கு அவர் அடுக்கைத்தான் காட்ட முடியும். சாரண் மாவட்டத்திற்கான 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புத் தொகுதிகள் எங்கே என்ற வினாவிற்கு அவர் நூலையே எடுத்துத் தருவார். படித்த ஒவ்வொன்றிற்கும் ஆசிரியர், தலைப்பு, ஆண்டு, பக்கம், கிடைத்த நூலகம் ஆகியவற்றை ஒரு சீட்டில் அன்றே குறித்துவைத்தால், கட்டுரை எழுதும் வேளையில் மீண்டும் அலைய வேண்டியதில்லை.

ஏடுகளில் இல்லாதவை

இவ்வளவும் தேடிய பின்னும் மாணவியின் வினாவிற்கு முழு விடை கிடைத்திராது. கணக்கெடுப்பு இடம்பெயர்ந்தவரை எண்ணுகிறது. ஊரில் தங்கிய மனைவி விதை வாங்கவும் நிலத்தைக் குத்தகைக்கு விடவும் எவரைக் கேட்கிறாள் என்பதை அது வினவுவதில்லை. ஆவணங்கள் எதைச் சொல்லவில்லை என்பதை முழுமையாகத் தேடியவரே உறுதியாகக் கூற முடியும். அந்த இடத்தில்தான் நூலகப் பணி முடிந்து களப்பணி தொடங்குகிறது.

இது தேர்வுக்கு மட்டும் உரிய செய்தி அன்று. 2020ஆம் ஆண்டுப் பொதுமுடக்கத்தின்போது, இலட்சக்கணக்கான தொழிலாளர் நகரங்களை விட்டுத் தம் ஊர்களை நோக்கி நடந்தனர். எவ்வூரினர் எங்கே, எத்தனை பேர் உள்ளனர் என்ற நம்பத்தக்க விவரம் அவ்வேளையில் இல்லாதது நிவாரணப் பணிக்கு இடையூறாயிற்று. அமைப்புசாராத் தொழிலாளர்க்கான தேசியப் பதிவுத் தளம் 2021 ஆகஸ்டில்தான் தொடங்கப்பட்டது. ஊர்தோறும் நல்ல சிற்றாய்வுகள் நடந்து, அவை படிக்கவும் பட்டிருந்தால், நிருவாகம் அந்த அளவுக்கு இருளில் நின்றிராது.

அலுவலர்களுக்கும் இதில் பங்குண்டு. மாவட்ட அலுவலகங்கள் தாம் வெளியிடும் அறிக்கைகளின் ஒரு படியை உள்ளூர்க் கல்லூரி நூலகத்திற்கு அனுப்புவதும், மாணவர் எழுதும் கடிதத்திற்கு மறுமொழி அளிப்பதும் பெருஞ்செலவு பிடிக்கும் செயல்கள் அல்ல. மாணவரின் கடமை, கட்டுரை முடிந்ததும் அதன் ஒரு படியைத் தம் கல்லூரி நூலகத்தில் சேர்ப்பதாகும். அடுத்த ஆண்டு அதே பொருளைத் தேடி வரும் மாணவருக்கு, நூல் இல்லை என்று எழுத வேண்டிய நிலை அதனால் நீங்கும்.