இறந்தவர் பெயர் என்ன?



2017-இல் வந்த ‘மைண்ட்ஹண்டர்’ தொடரை மகளோடு பார்த்தேன். எஃப்.பி.ஐ. அதிகாரிகள் சிறைக்குப் போய், தொடர் கொலைகாரர்களிடம் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். எட் கெம்பரை அசந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“கெம்பர் சரிப்பா, செத்துப்போன பொண்ணுங்க பேரென்ன?” என்றாள் மகள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வெட்கமாகிவிட்டது.

தொடரில் வரும் பேராசிரியை வெண்டி கார் பாத்திரத்துக்கு மூலம் ஆன் பர்ஜெஸ் என்ற நர்சிங் பேராசிரியை. 1970-களில் பாஸ்டன் மருத்துவமனையில், பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களின் பேச்சைப் பொறுமையாகக் கேட்டவர். 36 கொலைகாரர்களின் பேட்டிகளை முறையான ஆய்வாக்க உதவியது அந்த அனுபவம்தான்.

இங்கே போலீஸ், வக்கீல், நிருபர் எல்லாரும் இருக்கிறீர்கள். இனி கொலையைப் பற்றிப் பேசினால், இறந்தவர் பெயரை முதலில் கேட்போமே!